புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது: ஆல்டர்னேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓடும் 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்வர நாலு கிலோமீட்டர் ஓட்டம். பழைய பேட்டரி செத்துப்போய், ஐந்து மாதத்துக்கு முன் புதிது போட்டீர்கள். இப்போது வண்டி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நின்றால், சாவியைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. ஜம்பர் கேபிள் போட்டு எடுத்துவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாகத் தெரிகிறது. மெக்கானிக் "டைனமோ போச்சு, முழு செட்டா மாத்தணும்" என்கிறார். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உற்பத்தி செய்து பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் அவர் டைனமோ என்கிறார். பேட்டரி கடைக்காரரோ "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. போன தீபாவளிக்கு டேஷ்கேமும் புது மியூசிக் சிஸ்டமும் போட்டதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான்.

பல வருடமாகக் கார் எலக்ட்ரிகல் வேலைதான் செய்கிறேன். உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த மெக்கானிக் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் எத்தனை வோல்ட் என்று உங்களிடம் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆல்டர்னேட்டரைப் பற்றி ஒருவர் சொல்லும் எந்த முடிவுக்கும் பின்னால் ஒரு எண் இருக்க வேண்டும். எண் சொல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் காலியாக இருந்தால் மூன்றே காரணம்தான்: மோட்டார் ஏற்றவில்லை, டேங்க்கில் விரிசல், அல்லது எங்கோ ஒரு குழாய் ஒழுகுகிறது. மோட்டார் ஆல்டர்னேட்டர், டேங்க் பேட்டரி, ஒழுகும் குழாய் வண்டி நிற்கும்போது கரண்ட் குடிக்கும் ஏதோ ஒன்று. உங்களிடம் இரண்டு அறிகுறிகள் உள்ளன. நின்றால் இறங்குகிறது என்பது ஒழுகலைக் காட்டுகிறது. லோடு, அதாவது ஹெட்லைட், ஏசி மாதிரி கரண்ட் இழுப்பவை, ஏறினால் பேட்டரி விளக்கு மங்கலாகத் தெரிகிறது என்பது ஏற்றும் பக்கத்தைக் காட்டுகிறது. இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். ஒரே கோளாறு இரண்டையும் செய்யவும் வாய்ப்பு உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, வண்டி இரவு முழுக்க நின்றபிறகு காலையில் கதவைத் திறக்கும் முன்பே பேட்டரியை அளக்க முடிந்தால் நல்லது. ஆனால் பானட் திறக்கும் லிவர் உள்ளே இருப்பதால் அது நடக்காது. அதனால் முந்தின இரவே பானட்டைக் கொக்கி மாட்டாமல் லேசாகச் சாத்தி வையுங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலி. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 12.9, 13 என்று காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், அதை நம்பக் கூடாது. சார்ஜரில் முழுசாக ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்தான். அப்படி இருந்தால் ஆல்டர்னேட்டர் பேச்சையே விட்டுவிட்டு வாரண்டி கார்டை எடுங்கள்.

அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது யாரையாவது மீட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். செல்ஃப் மோட்டார் சுழலும் அந்த ஓரிரு விநாடியில் வோல்ட் 9.6-க்குக் கீழே விழக் கூடாது. நல்ல பேட்டரி பெரும்பாலும் 10-க்கு மேலேயே நிற்கும். இதை முழு சார்ஜில் செய்தால்தான் அர்த்தம். பாதி இறங்கிய பேட்டரியை வைத்து இந்தச் சோதனை செய்துவிட்டு "பேட்டரி வீக்" என்று சொல்வது நியாயமில்லை. உங்கள் பேட்டரி கடைக்காரர் செய்த சோதனையும் அதற்கு முன் சார்ஜ் ஏற்றப்பட்டதா என்பதைப் பொறுத்ததுதான்.

இனி ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு ஹெட்லைட் ஹை பீம், ஏசி, புளோயர் முழு வேகம், பின் கண்ணாடி டீஃபாகர் என்று எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் உங்கள் ஆல்டர்னேட்டர் லோடைத் தாங்குகிறது. 13-க்குக் கீழே சரிந்தால் ஏற்றும் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. வெறும் ஐடிலிங்கில் எல்லாம் போட்டு 13 காட்டினால் பதறாதீர்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு கொள்ளளவில் ஏறக்குறைய பாதிதான் தரும். அண்ணா சாலை சிக்னலில் மழை ராத்திரியில் வைப்பர், விளக்கு, ஏசி எல்லாம் ஓட நிற்கும் சின்ன காருக்கு அந்த நேரம் வரவும் செலவும் சரியாக இருந்தாலே பெரிய விஷயம். 15-க்கு மேல் காட்டினால் அது வேறு கதை. வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது, பேட்டரி கொதிக்கும், உடனே பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இன்ஜின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, பேட்டரி நிறைந்திருக்கும்போது வேண்டுமென்றே 12.8 அளவுக்கு இறக்கி வைக்கும். பிரேக் பிடித்து வேகம் குறையும்போது ஏற்றும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரே ஒரு அளவைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்மேல் ஒரு சின்ன கறுப்புப் பெட்டியும் மெல்லிய வயர்களும் இருந்தால் உங்களுடையதும் அந்த ரகமாக இருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டால் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஆல்டர்னேட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

வோல்ட் குறைவாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பல பேர் இதைச் செய்வதே இல்லை. இன்ஜின் ஓட, லோடு எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், மறு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். கை, சட்டை, மீட்டர் வயர் எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் நன்றாக இருந்தால் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 வோல்ட் காட்டும். அடுத்து ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அதேபோல அளக்க வேண்டும், அங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது வழியிலேயே தொலைகிறது. டெர்மினல் பூத்திருக்கலாம், வயர் முனையில் இருக்கும் லக் தளர்ந்திருக்கலாம், இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கலாம். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் வயரின் ரப்பருக்கு உள்ளேயே செம்பு பச்சையாகிவிடும். வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு எர்த் கேபிளும் கொஞ்சம் உப்புத்தாளும். பெல்ட்டையும் இதே சமயம் பாருங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தாலோ, லோடு ஏறும்போது கீச்சென்று கத்தினாலோ அது வழுக்குகிறது.

அந்த மங்கலான விளக்குக்கு வருவோம். பழைய பாணிச் சுற்றில் அந்த பல்பின் ஒரு பக்கம் இக்னிஷன் வழியாகப் பேட்டரியுடனும், மறுபக்கம் ஆல்டர்னேட்டருடனும் இணைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் பல்பு அணையும், வித்தியாசம் வந்தால் வித்தியாசத்துக்கு ஏற்ப எரியும். மங்கலாக எரிந்தால் அநேகமாக ஆல்டர்னேட்டருக்குள் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று போயிருக்கும், அல்லது நான் மேலே சொன்ன வயரில் நஷ்டம் இருக்கும். இந்த வகைச் சுற்றில் இதை நம்பிக்கையோடு சொல்லலாம். ஆனால் 2017 மாடலில் விளக்கை ரெகுலேட்டரோ கம்ப்யூட்டரோ எரிய வைக்கும் வாய்ப்பே அதிகம். அங்கே மங்கலை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

டயோடு சந்தேகத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ளே உருவாவது மாறுதிசை மின்சாரம். ரெக்டிஃபையர் தட்டில் இருக்கும் டயோடுகள்தான் அதை நேர்மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஒன்று போனால் அலை கொஞ்சம் கலந்து வரும். மீட்டரை அலைக்குறி போட்ட வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய அளந்தால் அரை வோல்ட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு சிக்கல்: மலிவான சில மீட்டர்கள் அந்த ரேஞ்சில் நேர்மின்சாரத்தையும் சேர்த்து எண்ணி 28, 30 என்று காட்டும். இன்ஜின் ஓடாதபோதும் அப்படியே பெரிய எண்ணைக் காட்டினால் மீட்டர்தான் அப்படி என்று புரிந்துகொண்டு, இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஒழுகல். என் சந்தேகம் இங்கேதான் அதிகம். உங்கள் மாதிரி சின்ன காரில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இருக்கும். வண்டி நிற்கும்போது கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் குடிக்கலாம், அது நியாயம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். பேட்டரிக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 400 மில்லி ஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 9.6, இரண்டு நாளில் 19-க்கு மேல். 35-இல் பாதிக்கு மேல் போய்விட்டது, செல்ஃப் டக் டக் என்றுதான் சொல்லும். நீங்கள் சொன்ன இரண்டு நாள் கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. பேட்டரி முதலிலேயே முழுசாக நிறையாமல் இருந்தால் 200 மில்லி ஆம்பியரே போதும். பார்க்கிங் மோடில் இருக்கும் டேஷ்கேம் சில நூறு மில்லி ஆம்பியர் இழுப்பது சாதாரணம். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பும் ஏறக்குறைய 400தான். அதைச் சோதிக்க, போனில் வீடியோ ரெக்கார்டிங் போட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். மியூசிக் சிஸ்டத்துக்கு இரண்டு பாசிட்டிவ் வயர் உண்டு. வழக்கமாக மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கு. அவசரத்தில் வேலை பார்க்கிறவர் இரண்டையும் சேர்த்து மஞ்சளிலேயே முறுக்கிவிட்டுப் போனால் செட் தூங்கவே தூங்காது. டிஸ்ப்ளே அணைந்திருக்கும், உள்ளே விழித்திருக்கும்.

இதை அளக்கும் முறை: வண்டியைப் பூட்டிவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உறங்க நேரம் வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ரேஞ்சையும் மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டுவதாலேயே கம்ப்யூட்டர்கள் திரும்ப விழித்துக்கொள்ளும், முதலில் பெரிய எண்ணைக் காட்டும். மறுபடி பொறுத்திருங்கள். இந்த நிலையில் இக்னிஷன் போடக் கூடாது, செல்ஃப் அடிக்கவே கூடாது. மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு பியூஸே இருக்காது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் பழைய துளைக்கு மாற்றுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரி வோல்ட் அளக்கப் போனால் நேரடி ஷார்ட்தான். 50 மில்லி ஆம்பியருக்கு மேல், அதாவது 10 ஆம்பியர் ரேஞ்சில் 0.05-க்கு மேல், காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில். ஆனால் வெளியிலிருந்து போட்ட கேமராவும் மியூசிக்கும் சில சமயம் எந்த பியூஸிலும் இல்லாமல் நேரடியாகப் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்திருப்பார்கள். அவற்றைத் தனியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லா பியூஸையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? அப்போதுதான் மேலே பிறகு என்று சொன்ன விஷயம். ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதானால், வண்டி ஓடும்போது குறைவாக ஏற்றும். நிற்கும்போது அதே டயோடு வழியாகப் பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி ஒழுகும். உங்கள் இரண்டு அறிகுறிகளையும் இந்த ஒரே கோளாறு விளக்கிவிடும். உறுதிப்படுத்த, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரையும் கழற்றி, முனையில் டேப் சுற்றி எதிலும் படாமல் ஒதுக்கி வைத்து, மறுபடி மீட்டரை இணையுங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. கோளாறு ஆல்டர்னேட்டரில்தான். ஆனால் "முழு செட்டா மாத்தணும்" என்ற மீதிப் பாதிக்கு அவசியம் இருக்காது. ரெக்டிஃபையர் தட்டு, ரெகுலேட்டர், கார்பன் பிரஷ், பேரிங் எல்லாம் பெரும்பாலான மாடல்களுக்குத் தனித்தனியாகவே கிடைக்கும். காயில் கருகியிருந்தாலோ, கார்பன் பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ அப்போது முழு செட்டைப் பற்றி யோசிக்கலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிப் போட்டு உங்கள் கண் முன்னாலேயே காட்டுவார்.

யாராவது "ஆல்டர்னேட்டரைச் செக் பண்றேன்" என்று இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்ற வந்தால் தடுத்துவிடுங்கள். அம்பாசிடரில் டைனமோ இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. அன்றைக்கு வண்டியில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. இன்று பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். டயோடு, இன்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக் மாட்யூல் எது வேண்டுமானாலும் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு "பாத்தீங்களா, போச்சு" என்று சொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஜம்பர் போட்டு எடுத்த பிறகு ஓட்டினாலே நிறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்டார்ட் செய்யச் செலவாகும் கரண்ட் கொஞ்சம்தான், சில நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். ஆனால் இரண்டு நாள் ஒழுகியதைத் திருப்ப, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்வரும் உங்கள் நாலு கிலோமீட்டர் ஓட்டம் காணாது. பாதி வெறுமையோடே நிற்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், நம் ஊர் வெயில் அதை இன்னும் வேகப்படுத்தும். அதனால் வெளி சார்ஜரில் 3, 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஏறும்போது ஹைட்ரஜன் வரும். தண்ணீர் விடும் வகைப் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள். ஆசிட் சேர்க்க வேண்டாம், போர் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். முழுசாக ஏற்றிய பிறகுதான் மேலே சொன்ன எல்லா அளவுகளையும் எடுக்க வேண்டும். புது பேட்டரி இத்தனை முறை காலியாகி எழுந்ததில் ஏற்கெனவே கொஞ்சம் பலம் இழந்திருக்கலாம். சார்ஜ் இறங்கியதை மட்டும் காரணமாகச் சொன்னால் வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள், ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். செல் கோளாறு என்றால் தருவார்கள்.

மீட்டர் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்றால், பைசா செலவில்லாமல் ஒன்று செய்யலாம். பேட்டரியை முழு சார்ஜ் ஏற்றி வாங்கியதும் டேஷ்கேமின் வயரைப் பிடுங்கி, மியூசிக் சிஸ்டத்தின் பின்னால் இருக்கும் பியூஸையும் எடுத்துவிட்டு, வண்டியை இரண்டு நாள் நிறுத்துங்கள். மூன்றாம் நாள் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால் ஒழுகல் அந்த இரண்டில் ஒன்றில்தான். அடுத்த முறை கேமராவை மட்டும் மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கேமராதான் என்றால் பார்க்கிங் மோடை அணையுங்கள், அல்லது 12.4 வோல்ட்டில் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள வயரிங் கிட் போடுங்கள். அப்போதும் டக் டக் என்றால் அந்த இரண்டும் இல்லை. அடுத்த இரண்டு நாள் நிறுத்தத்துக்கு முன் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். அப்படியும் இறங்கினால் பேட்டரி கடைக்காரரிடம் போங்கள். இறங்கவில்லையென்றால் மீட்டரோடு ஒரு எலக்ட்ரீஷியனிடம் போய், ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி ஒழுகலை அளக்கச் சொல்லுங்கள். இரவில் விளக்கு மங்குவது மட்டும் மிச்சமிருந்தால் முதலில் எர்த் கேபிள், பிறகு டயோடு.